மேடையில் சொன்ன கடிகாரம்

காட்டுப்பாக்கம்,
4-8-2025

மேடைக்கு வாழ்க்கைப்பட்டவருக்கு,

கவிப்பிரியா எழுதுகிறேன். கைப்பேசியில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது சினத்தால் அன்று. பேச்சில் உங்களை வெல்ல என்னால் இயலாது. நான் ஒரு சொல்லைத் தொடங்குவதற்குள் நீங்கள் மூன்று சொற்றொடர்களை முடித்துவிடுகிறீர்கள். மூன்றாவதில் என் குறை எனக்கே மறந்துபோகிறது. இத்தனை ஆண்டு மணவாழ்வில் நான் தொடங்கி நானே முடித்த சண்டை ஒன்றுகூட இல்லை. தாளில் எழுதினால், நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. ஆகவே அஞ்சல்.

சித்திரையில் பட்டாபிராமில் நடந்த கூட்டத்தை உங்கள் கண்முன் நிறுத்துகிறேன். உங்களுக்கு முன் பேசியவர், உங்கள் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் நாகேந்திரன் அண்ணனுக்கு வெள்ளி வாள் வழங்குவதாக அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்து ஒலிவாங்கியைப் பற்றினீர்கள். "வாள் வழங்கினான் என் தோழன், காலத்தையே வழங்குகிறேன் நான்! காலம் நம் கையில், கடிகாரம் அண்ணன் கையில்! வரும் பிறந்தநாள் மேடையில், என் வியர்வையில் விளைந்த சுவிட்சர்லாந்துக் கடிகாரத்தை அண்ணனின் மணிக்கட்டில் என் கையாலேயே பூட்டுவேன்!" என்றீர்கள். பெண்கள் வரிசையில் இருந்த நானும் கைதட்டினேன். மேடையில் சொல்வதெல்லாம் மேடையோடு போகும் என்று நம்பியிருந்தேன்.

போன வாரம் சீட்டு நடத்தும் ராஜகுமாரி அக்கா என்னை வழியில் நிறுத்தினார். "இன்னா கவி, உன் ஊட்டுக்காரரு இவ்ளோ தள்ளி சீட்ட எடுத்துக்கினு போனாரே, ஆசுபத்திரிக்கு நாள் குறிச்சாச்சா?" என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நீங்கள் தொகையை விட்டுக்கொடுத்து சீட்டை முன்கூட்டியே எடுத்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தச் சீட்டு எதற்குக் கட்டினோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதல் முறை கருத்தரிப்பு மருத்துவம் தோற்றபோது, மருத்துவமனை வாயிலில் என் தோளைப் பற்றி, "இன்னொரு முறை முயல்வோம், கவி" என்றவர் நீங்கள்தாம். அந்த இன்னொரு முறையைத்தான் எடுத்து அண்ணனின் மணிக்கட்டுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்த வாயால் சொன்னீர்களோ, அந்த வாயால் மக்கள் முன் "வாங்கவில்லை" என்று சொல்லுங்கள். சொன்ன மறுநாள் நெமிலிச்சேரிக்கு வந்துவிடுகிறேன். அதுவரை தங்கை கிருஷ்ணப்பிரியா வீட்டில் இருப்பேன்.

கவிப்பிரியா


நெமிலிச்சேரி,
திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆடி 27

என் உயிரின் ஒலியே, கவி!

உன் மடலைப் படித்தேன். ஒருமுறையன்று, வேலைக்குச் செல்லும் தொடர்வண்டியில் படித்தேன், உணவு இடைவேளையில் படித்தேன், உறக்கம் வராமலும் படித்தேன். நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாய். ஏறி நிற்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் கேள்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்பதை உண்மையாகச் சொல்கிறேன். வாள் என்றதும் கூட்டம் எழுந்து நின்றது. அதற்கு மேலே ஒன்று சொல்லியாக வேண்டும். "காலம்" என்று எடுத்துவிட்டேன். காலத்துக்கு இணையாகக் "க" எழுத்தில் ஒரு சொல் வேண்டும். கடிகாரம் வந்து நின்றது. மோனை என்னை இழுத்துச் சென்றது, கவி. அதன் விலையைப் பற்றி அந்த நொடியில் எண்ணவேயில்லை. இறங்கி வந்து அமர்ந்ததும் அண்ணன் என் காதோடு சாய்ந்தார்: "தம்பி, நான் பச்ச டயலு தான் கட்டுவேன். மறந்துடாத." அப்போதுதான் விலையை எண்ணினேன்.

பின்வாங்கு என்கிறாய். எங்கே பின்வாங்குவது? மறுநாளே நெமிலிச்சேரி நிலைய வாசலில் பதாகை எழுந்துவிட்டது. "அண்ணனின் கையில் கடிகாரம் பூட்டவிருக்கும் சொற்புயல்" என்று என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். தேநீர்க் கடையில் ஆட்டோ ஓட்டும் வேம்புலி, "இன்னா மாமே, வாட்ச்சு இன்னா ஆச்சு? நாங்கல்லாம் பாக்கணும்ல?" என்கிறான். முடிதிருத்துபவர் கேட்கிறார். நம் வீட்டுக்காரர் நாகப்பன், அண்ணனின் சிற்றப்பா மகன், வாடகை வாங்கும்போது கேட்கிறார். இந்த ஊரில் என்னிடம் நேரம் கேட்பவர் எவருமில்லை; கடிகாரத்தைத்தான் கேட்கிறார்கள்.

நான் எங்கிருந்து வந்தவன் என்பது உனக்குத் தெரியும். என் தந்தை அடுத்தவர் கழனியில் குனிந்து நாற்று நட்டவர். கழனி தொழிற்கூடமான பிறகு நானும் அங்கே குனிந்துதான் நிற்கிறேன். அம்பத்தூரில் பிரேக் என்னும் வண்டித் தடுப்பின் உதிரிகளை அளவுகோல் வைத்துச் சரிபார்க்கும் என்னை, "ஏ, செக்கிங்!" என்றுதான் அழைப்பார்கள். பெயர் கிடையாது. மேடை ஒன்றில்தான் என் பெயரை முழுதாகச் சொல்கிறார்கள். அந்த மேடையில் ஏறி, "நான் சொன்னது பொய்" என்று சொன்னால், பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது?

ஆனால் உன் மருத்துவத்தையும் விடமாட்டேன். பகல், இரவு என இரட்டை முறை வேலை பார்க்கிறேன். காதணி விழா, படத்திறப்பு என்று எங்கே அழைத்தாலும் செல்கிறேன். முன்பு இலவசமாகப் பேசியதற்கு இப்போது பண உறை வாங்குகிறேன். கொரட்டூரில் இறந்துபோன ஒருவரின் மகன் உறையை என் பையில் திணித்து, "கொஞ்சம் அழ வெக்கிற மாதிரி பேசுங்க சார்" என்றான். அழ வைத்தேன். கடிகாரமும் வரும், நம் பிள்ளையும் வரும். ஆறு திங்கள் பொறு.

என்றும் உன்,
கிருபாகரன்


காட்டுப்பாக்கம்,
22-8-2025

உங்களுக்கு,

அழகான மடல். கிருஷ்ணப்பிரியா படித்துவிட்டு, "அக்கா, அத்தான் எவ்ளோ பாவம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாருங்கள், என் தங்கையும் உங்கள் கட்சிக்குப் போய்விட்டாள்.

நீங்கள் ஆறு திங்கள் கேட்கிறீர்கள். நேற்று வேலை முடிந்ததும் மருத்துவரைப் பார்த்தேன். நான் வேலை செய்யும் பூந்தமல்லி மருத்துவமனையிலேயே அவர் இருப்பதால், கட்டணப் பிரிவில் என் இருக்கையிலிருந்து எழுந்து இரண்டு கதவுகள் தாண்டினால் போதும். என் கருமுட்டை இருப்பு வேகமாகக் குறைந்துவருகிறது என்றார். "தள்ளிப்போடாதீங்கம்மா, அடுத்த வருஷம்னு நீங்க வந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அக்டோபர் முடிவதற்குள் தொடங்க வேண்டுமாம். நான் எழுந்து என் இருக்கைக்குத் திரும்பி, வரிசையில் நின்றவர்களிடம் பணம் வாங்கி, ரசீது கிழித்துக் கொடுத்தேன். ஒருவர், "மேடம், மீதி சில்லறை தரல" என்றார். தந்தேன்.

நீங்கள் மட்டுமா அடைபட்டிருக்கிறீர்கள்? இந்த அடுக்ககத்தில் நான் எப்படி வாழ்கிறேன் என்று கேட்டீர்களா? தங்கையின் கணவர் ஜெகதீஷ் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர். நல்லவர். நல்லவராக இருப்பதுதான் தொல்லை. நான் கூடத்துக்கு வந்தால், "நீங்க உக்காருங்க அண்ணி, நான் உள்ள போய்க்கிறேன்" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார். அவரை எழுப்பக் கூடாது என்று நான் அறையிலேயே கிடக்கிறேன். நான் வெளியே வராததால் தங்கை முகம் வாடுகிறாள். மாடத்தில் நின்றால் பூந்தமல்லிச் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்பது தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேடையில் மட்டும்தான் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் இரவு வேலை முடித்து வரும்போது, கதவைத் தட்டும் முன்பே திறந்தவள் நான். அதைப் பெயராக எண்ணக்கூடாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்கிறீர்கள். மருத்துவமனை வாயிலில் எனக்குச் சொன்னதும் சொல்தானே? அதைக் கேட்டது நான் ஒருத்தி. இதைக் கேட்டது ஆயிரம் பேர். தலை எண்ணித்தான் வாய்மையா?

கவிப்பிரியா


நெமிலிச்சேரி,
திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆவணி 23

கவி,

உன் கடைசி வினாவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேடையில் அப்படி ஒருவன் கேட்டிருந்தால் கைதட்டலுக்கு நடுவே நழுவியிருப்பேன். தாளில் நழுவ இடமில்லை.

நேற்று முன்தினம் ஆவடியில் அண்ணன் வீட்டுக்குச் சென்றேன். "வாங்க இயலவில்லை அண்ணே" என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாடியில் கண்ணாடிப் பேழையைத் திறந்து காட்டினார். உள்ளே நீல மெத்தையில் கடிகாரங்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் யார் கொடுத்தது, எந்த மேடையில் என்று மனப்பாடமாகச் சொன்னார். "இது கல்லு ஒடைக்கிற காண்டிராக்டர் குட்த்தது. இது மேயருக்கு நின்னு தோத்தான் பாரு, அவன் குட்த்தது. எல்லாம் காசு உள்ளவன் குட்த்தது தம்பி. உழைக்கிறவன் கையால ஒண்ணுகூட இல்ல. உன்னுதுதான் மொதல்ல வரப்போவுது." ஒரு குழியைக் காலியாக விட்டிருந்தார். அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

சொல், நான் என்ன சொல்வது?

"மாநகராட்சித் தேர்தல் வருது. உன் வார்டுக்கு உன்ன உட்டா யாரு கீறா?" என்றார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, "சரிண்ணே" என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. படியிறங்கும்போது, தந்தையார் கழனியில் ஆண்டையின் முன் கைகட்டி நின்றதைப் போலவே நான் நின்றிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. தூய தமிழ் கற்றதும் மேடையேறியதும் அந்தக் கைக்கட்டை அவிழ்க்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

நகரத்துக் கடிகாரக் கடைக்கும் சென்று பார்த்தேன். பளிங்குத் தரை; செருப்பைக் கழற்றுவதா என்று தயங்கி நின்றேன். "உள்ள வாங்க சார்" என்று அழைத்து நுரை பொங்கக் காப்பி கொடுத்தார்கள். நான் சேர்த்து முடிப்பதற்குள் விலை மேலும் ஏறியிருந்தது. ஓடுகிறவன் முன்னால் ஊரே நகர்ந்து போவது போலிருக்கிறது.

இரட்டை முறை வேலையில் கண் செருகி, நேற்று பழுதான உதிரி ஒன்றைச் சரி என்று அனுப்பப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவன் கண்டுபிடித்தான். அது ஒரு வண்டியின் தடுப்பு, கவி. அதை நம்பி யாரோ சாலையில் போவார்கள்.

போதும். வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறன்று அம்பத்தூரில் தொழிலாளர் மாநாடு. நான்தான் நிறைவுப் பேச்சாளன். அண்ணனும் இருப்பார். அங்கே சொல்லிவிடுகிறேன். இம்முறை உனக்குக் கொடுத்த சொல்.

உன்,
கிருபாகரன்


காட்டுப்பாக்கம்,
15-9-2025

சொல்லுங்கள். துணிகளை மடித்து வைத்துவிட்டேன். மருத்துவரிடம் நாளும் கேட்டுவிட்டேன். ஞாயிறு மாலை முழுதும் கைப்பேசியில் உங்கள் எண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.

கவி


நெமிலிச்சேரி,
திருவள்ளுவர் ஆண்டு 2056, புரட்டாசி 6

கவி,

ஞாயிறு மாலை நான் ஏன் அழைக்கவில்லை என்று நீ கேட்பாய். என்ன சொல்லி அழைப்பது?

சொன்னேன். உன்மேல் ஆணை, சொன்னேன். மண்டபம் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று, "தோழர்களே! உங்கள் முன் ஓர் ஏழையாக நிற்கிறேன்! சித்திரையில் ஒரு சொல் தந்தேன். புரட்டாசியில் அந்தச் சொல் என்னைச் சிறைப்பிடித்து நிற்கிறது. இரவைப் பகலாக்கினேன், இமையை விழியிலிருந்து பிரித்தேன், இருந்தும் இந்த ஏழையின் கைக்கு அந்தக் கடிகாரம் எட்டவில்லை! என் இல்லாளின் மடி நிறையச் சேர்த்த பொருளை எடுத்து, ஒரு மணிக்கட்டை நிறைக்க என்னால் இயலாது! தோற்றுவிட்டேன், தோழர்களே, தோற்றுவிட்டேன்!" என்றேன்.

மனத்திலிருந்துதான் பேசினேன். குரல் உடைந்தது. நடிப்பன்று. கண்ணீரோடு நிமிர்ந்தேன். மண்டபம் முழுதும் அழுதுகொண்டிருந்தது. பிறகு கைதட்டல். நான் கேட்டதிலேயே பெரிய கைதட்டல்.

வேம்புலி மேடைமேல் பாய்ந்து ஏறினான். தோளிலிருந்த துண்டை உதறி விரித்தான். "அண்ணாத்தே வாக்கு தோத்துடக் கூடாதுயா! நம்ம ஆளு தோத்தா நாம தோத்த மாதிரி! போடுங்கயா!" என்று கத்தினான். துண்டு வரிசை வரிசையாகப் போயிற்று. நான் "வேண்டாம், வேண்டாம்" என்று ஒலிவாங்கியில் கதறினேன். கதறக் கதற அதிகம் போட்டார்கள். அண்ணன் தம் கையாலேயே ஒரு கட்டைப் போட்டார், தம் கடிகாரத்துக்கே! ஒப்பந்தக்காரர் இருவர் அவரைப் பார்த்துப் போட்டார்கள். ஆனால் அதிகம் போட்டவர்கள் அவர்களல்லர். என்னோடு அளவுகோல் பிடிக்கிறவர்கள், நடைமேடையில் கொய்யா விற்கிறவர்கள், பத்தும் இருபதுமாகப் போட்டார்கள்.

பணம் இப்போது நம் வீட்டில், அரிசிப் பையில் இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. எவரிடம் திருப்பித் தருவேன்? நாம் சேர்த்ததோடு கூட்டினால் கடிகாரத்துக்குப் போதும். முன்பு அது என் சொல்லாக இருந்தது. இப்போது அது அவர்களுடைய சொல். வாங்காமல் விட்டால் திருடன் ஆவேன். வாங்கினால் உனக்கு என்ன ஆவேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கிருபாகரன்


காட்டுப்பாக்கம்,
27-9-2025

உங்களுக்கு,

உங்கள் மடல் வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு என்னிடம் வந்துவிட்டது. எங்கள் மருத்துவமனையில் துப்புரவு செய்யும் பொன்னியம்மா, தன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "கவி, இது உன் ஊட்டுக்காரரு தானே? இன்னாமா பேசுறாரு! எனக்கு அயுகையா வந்துடுச்சி!" என்று, கட்டணம் கட்ட நின்ற வரிசையின் நடுவிலேயே ஒலியைக் கூட்டி வைத்தார். எல்லோரும் கேட்டார்கள். "என் இல்லாளின் மடி" என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கணக்குப் பொறியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பொன்னியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐம்பது ரூபாயை என் கையில் வைத்தார். "வாட்ச்சுக்குச் சேத்துக்கோ. மறுக்காத" என்றார். மறுத்தேன். கோபித்துக்கொண்டார். "ஏழ துட்டுனா எளப்பமா?" என்றார். வாங்கிக்கொண்டேன். இதோ, மேசைமேல் இருக்கிறது. உங்கள் அரிசிப் பைக்கு நானும் வசூல் செய்துவிட்டேன்.

உங்கள்மேல் சினம் கொள்ளத்தான் நினைத்தேன். பேச்சை வேறு எப்படிப் பேசியிருக்க முடியும் என்று மூன்று முறை போட்டுக் கேட்டேன். ஒரு பொய்யும் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். "இயலாது" என்று தெளிவாகவே சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் குரலில் அது "இயலவைப்பீர்" என்று கேட்கிறது. ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் முறை கேட்டபோது, இந்த மனிதருக்கு அந்தக் கடிகாரம் கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. எனக்கே! கைப்பேசியை மெத்தைமேல் எறிந்தேன்.

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. அறிவுரை சொல்ல எழுதவில்லை. அடுத்த மாதம் பதினாறாம் நாள், வியாழன் காலை, மருத்துவர் முதல் ஊசிக்கு நாள் கொடுத்திருக்கிறார். முன்பணம் கட்ட வேண்டும். வளையலை வைத்துக் கட்டலாம் என்றிருக்கிறேன். மற்றதற்கு வழி தெரியவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன்.

கவிப்பிரியா


நெமிலிச்சேரி,
12-10-2025

கவி,

நேற்று அண்ணனின் பிறந்தநாள் கூட்டம் முடிந்தது. இதற்குள் பலர் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

முதலில் நீ அறிய வேண்டியவை. வளையலை வைக்காதே. வெள்ளிக்கிழமையே சீட்டுப் பணம் முழுவதையும், இரட்டை முறை வேலையில் சேர்த்ததையும் உன் கணக்கில் போட்டுவிட்டேன். சீட்டைத் தள்ளி எடுத்ததில் போன தொகை போனதுதான். நாகப்பன் இன்று காலை வந்து, "மாசக் கடைசில காலி பண்ணிக்க கிருபா, என்னாண்ட ஒண்ணும் கேக்காத" என்றார். நிலைய வாசலில் பதாகையைக் கிழித்துவிட்டார்கள். வேம்புலி என்னைக் கண்டதும் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டான். அவன் வருத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. அவன் மெய்யாகவே எனக்காகத்தான் துண்டை விரித்தான்.

இரண்டு வாரமாக மறுப்புரை எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் அழகாக வந்தது. உரக்கப் படித்தால் நெமிலிச்சேரியே கைதட்டும்போல் இருந்தது. கிழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழகாகவே வந்தது. என் வாய்க்கு வேறு வழி தெரியவில்லை. நேற்று முன்தினம் காலை தொட்டியில் தண்ணீர் இல்லை. மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "நாகப்பாண்ணே, தண்ணி வர்ல, மோட்டாரப் போடு" என்று கத்தினேன். போட்டார். அவ்வளவுதான். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் சொன்னது சொன்னபடி அந்த நொடியே நடந்தது அந்த ஒரு பேச்சில்தான் என்று தோன்றியது. என் தாய் பேசிய பேச்சு அது. மேடையேறிய நாளிலிருந்து அதை நான் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன்.

நேற்று மாலை பட்டாபிராம் திடல் நிரம்பியிருந்தது. "சொற்புயல்" என்று என்னை அழைத்ததும் வெடி வெடித்தார்கள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, சிரித்துக்கொண்டே இடக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டார். வெல்வெட்டு விரித்த தட்டு ஒன்றை ஒருவர் ஏந்தி நின்றார். நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒலிவாங்கியருகே போனேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் எப்போதும் முதல் சொல்லை எடுக்கும் முன் விடும் அந்த இடைவெளி அவர்களுக்குப் பழக்கம்.

"அண்ணே, வாட்ச்சு வாங்கல. வாங்க மாட்டேன். அன்னிக்கி கைத்தட்டுக்கு ஆசப்பட்டு சொல்லிட்டேன். அதுக்குன்னு எடுத்து வெச்சது என் பொண்டாட்டி வைத்தியத் துட்டு. அத அவளாண்டயே குடுத்துட்டேன். நீங்க துண்டுல போட்ட துட்டு இந்தப் பையில கீது. தொடல. போட்டவங்க வந்து வாங்கிக்கினு போங்க" என்றேன்.

மேலே ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. "மைக்குல எதனா கோளாறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன் மடித்த சட்டையை இறக்கிவிடாமலே என் அருகில் வந்து, "இன்னா கிருபா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். "நல்லா கீறேன்ணே" என்றேன். பதில் சொல்லும்போது, கைகட்டாமல் அவர் கண்ணைப் பார்த்தேன். பிறகு தலை தானாகக் குனிந்துவிட்டது; அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை, கவி. ஒருவர்கூட. அவ்வளவு பெரிய திடலில் அப்படியோர் அமைதியை நான் அதுவரை கேட்டதேயில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது. பையின் வாயை அவிழ்த்துப் பிடித்தபடி நின்றேன்.

முன்வரிசையில் கைலி கட்டிய ஒருவர் எழுந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். மேடையோரம் வந்து, என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"நான் நூறு போட்டேம்பா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

கிருபா